ரெக்கார்டு நோட்டுக்கு வெளியே

பி.எஸ்சி. விலங்கியல் சேர்ந்திருக்கிறேன் என்றதும் பாட்டி கேட்டாள்: "அதைப் படிச்சா மாட்டு டாக்டர் ஆகலாமா?" ஆக முடியாது என்றேன். "அப்ப எதுக்கு?" என்றாள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில் பல வீடுகளில் இந்தக் கேள்வி எழுந்திருக்கும். மெடிக்கல் சீட் கிடைக்காதவர்கள் போய் ஒதுங்குகிற இடம் விலங்கியல் என்று ஊரில் ஒரு பேச்சு. பேச்சில் பொய் இல்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் அடுத்த நுழைவுத் தேர்வுவரை ஒரு வருஷத்தை ஓட்டிவிடலாம் என்ற கணக்கோடுதான் வந்து உட்கார்ந்திருந்தோம். என் கணக்கைக் கெடுத்தது கடற்கரை.

அதற்கு முன்னால் லேப் பற்றிச் சொல்ல வேண்டும். உள்ளே நுழைந்ததும் ஃபார்மலின் வாடை கண்ணைக் கரிக்கும். சுவரோரக் கண்ணாடி அலமாரியில் ஜாடி ஜாடியாகக் கடல் குதிரை, நட்சத்திர மீன், சுருட்டி வைத்த சாரைப்பாம்பு, பச்சை போய்விட்ட பச்சோந்தி. உயிரோடு இருந்தபோது ஆளுக்கொரு நிறத்தில் இருந்தவை எல்லாம் ஜாடிக்குள் ஒரே பழுப்பு மஞ்சளாகியிருக்கும். பிராக்டிகல் நாளில் லேப் அட்டெண்டர் கரப்பான்பூச்சிகளைக் குளோரோஃபார்ம் பாட்டிலில் போட்டுத் தயாராக வைத்திருப்பார். ஆளுக்கு ஒன்று.

கரப்பானின் நரம்பு மண்டலத்தை எடுத்துக் காட்டுவது தேர்வில் வரக்கூடிய பெரிய கேள்வி. இறக்கைகளை நறுக்கிவிட்டு, முதுகு மேலே தெரிய மெழுகுத் தட்டில் வைத்து, குண்டூசி குத்தி, பூச்சி மூழ்குமளவு தண்ணீர் ஊற்ற வேண்டும். முதுகுத் தகடுகளை ஓரமாகக் கத்தரித்து ஒவ்வொன்றாகத் தூக்கினால் வெள்ளை வெள்ளையாகக் கொழுப்பு மிதந்து வரும். அதைப் பிரஷ்ஷால் ஒதுக்கி, குடலை ஒரு பக்கம் தள்ளினால், வயிற்றுச் சுவரை ஒட்டி இரட்டை நரம்பு ஓடுவது தெரியும். அதில் மார்பில் மூன்று முடிச்சு, வயிற்றில் ஆறு. வெள்ளை நரம்பு வெள்ளைச் சதைமேல் எடுப்பாகத் தெரியாது. கறுப்புக் காகிதத்தைப் பட்டையாக வெட்டி நரம்புக்கு அடியில் மெல்ல நுழைத்துவிட்டால் பளிச்சென்று நிற்கும். இதற்கு 'டிஸ்ப்ளே' என்று பெயர். இதற்குத் தனி மார்க். கை நடுங்கினால் நரம்பு அறுந்தது, மார்க்கும் போயிற்று.

இதில் கை பழகியது, மறுக்கவில்லை. கண்ணுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு பொறுமை வந்தது. ஆனால் தட்டில் என்ன இருக்கும் என்பது உள்ளே போவதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். ஏகாம்பரநாத ஐயரின் விலங்கியல் மேனுவலைத் தலைமுறை தலைமுறையாகச் சென்னை மாகாணத்து மாணவர்கள் படித்தார்கள், நாங்களும் படித்தோம். ரெக்கார்டு நோட்டில் வரைவது புத்தகத்தில் இருக்கும் படத்தைத்தான். பூச்சி எப்படி இருந்தாலும் படம் ஒன்றுதான். ஒருமுறை என் பக்கத்தில் இருந்தவளுக்கு வந்த கரப்பானின் வால் பக்கம் முட்டைக்கூடு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் அதையும் சேர்த்து வரைந்துவிட்டாள். "இது கேட்கலையே" என்று சிவப்பு மசியில் அடித்துத் திரும்பி வந்தது. கண்ணால் கண்டதை வரைந்ததற்கு அடி விழுந்த ஒரே வகுப்பு எனக்குத் தெரிந்து அதுதான்.

இரண்டாம் ஆண்டில் வந்த ஒரு மேடம் கொஞ்சம் வேறு மாதிரி. மீன்களைப் பற்றிய பாடம் தொடங்கிய வாரம் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "சனிக்கிழமை காலையில் நொச்சிக்குப்பம் போங்க. பதினைந்து மீன் பார்த்து, அங்கே என்ன பேர் சொல்றாங்களோ அதை எழுதிட்டு வாங்க. இங்கிலீஷ் பேரை நான் சொல்றேன்" என்றார்.

எங்கள் வீடு சைவம். கச்சேரி ரோடு வழியாக நேராக நடந்து சாந்தோமைத் தாண்டினால் கடற்கரை. கோயில் குளத்திலிருந்து அரை மணிகூட ஆகாது. அந்தத் தூரத்தைக் கடந்து நான் அதுவரை மீன் விற்கிற பக்கம் போனதில்லை. லூப் ரோட்டில் தரையில் பலகை போட்டு வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி, மத்தி, காரப்பொடி, நவரை, கிழங்கான், வாளை. நோட்டும் பேனாவுமாக நாங்கள் நின்ற கோலத்தைப் பார்த்து ஒரு அக்கா சிரித்தார்.

"இன்னா பாப்பா, வாங்கப் போறியா, சும்மா எழுதினு போப்போறியா?"

காலேஜ் வேலை என்றோம். "ஒரு கிலோ சங்கரா வாங்கு. எல்லாப் பேரும் சொல்றேன்" என்றார். நியாயமான கட்டணம். சைவக்காரிகள் மூன்று பேர் காசு சேர்த்துச் சங்கரா வாங்கினோம். (திங்கட்கிழமை லேப் அட்டெண்டர் எங்களைத் திட்டினார்: "வாங்கினது சரி, சனிக்கிழமையே குடுத்திருக்கக் கூடாதா?" அதை நாங்கள் அங்கேயே ஒரு பாட்டியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தோம்.)

பெயர்கள் சொல்லிக்கொண்டே வந்தவர், கூடையிலிருந்து ஒரு கெளுத்தியை எடுத்தார். முதுகிலும் பக்கத்திலும் இருக்கும் முள்ளைக் காட்டி, தொட்டால் கடுக்கும் என்று எச்சரித்தார். பிறகு கட்டைவிரலால் தாடையை அழுத்தி வாயைத் திறந்தார். உள்ளே கோலிக்குண்டு அளவில் மஞ்சளாக முட்டைகள், அடைத்துக்கொண்டு. "இவன் அப்பன்காரன். பொட்டை முட்டை போட்டுட்டுப் போயிடும். இவன் வாயில வெச்சினு திரிவான். குஞ்சு வர்ற வரைக்கும் ஒண்ணும் துன்ன மாட்டான்" என்றார். பாடத்தில் 'மீன்களில் பெற்றோர் பராமரிப்பு' என்று ஒரு பத்து மார்க் கேள்வி உண்டு. அதில் ஏரியஸ் என்ற கடல் கெளுத்தியில் ஆண் மீன் முட்டைகளை வாயில் வைத்து அடைகாக்கும் என்று ஒரு வரி வரும். நான் அதை நெட்டுருப் போட்டிருந்தேன். அந்த வரிக்கு வாயும் தாடையும் முட்டையும் இருப்பது அந்தப் பலகை முன்னால்தான் தெரிந்தது.

அவர் சொன்ன இன்னொன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை. எந்த மாதத்தில் எந்த மீன் சினையோடு வரும், எந்தக் காற்று அடித்தால் எது கரைக்கு நெருங்கும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். முதன்முறையாக, விடை முன்கூட்டியே தெரியாத ஒரு பக்கத்தை நிரப்பினேன். மேடம் அந்தப் பக்கத்துக்கு மட்டும் மார்க் போடவில்லை, "இதை எப்படிச் சரிபார்ப்பே?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். அது மார்க்கைவிடப் பெரியது என்று புரிய எனக்குச் சில வருஷம் ஆயிற்று.

அந்த வருஷ ஜனவரியில் நோட்டீஸ் போர்டில் கையால் எழுதிய காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. கடலாமை நடை, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, இரவு. சென்னைக் கரையில் ஆமைக்காக நடப்பது அப்போதே புதிதில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரும் அவருடைய பாம்புப் பண்ணையைச் சேர்ந்த இளைஞர்களும் இதைத் தொடங்கினார்கள். பின்னர் அரசு நிறுவனங்களின் கையில் கொஞ்ச காலம் இருந்தது. அது நின்றுபோன பிறகு, 1988-இல் கல்லூரி மாணவர்கள் சிலர் கூடி மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பைத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவரான கார்த்திக் சங்கர் பிற்பாடு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சூழலியல் பேராசிரியர் ஆனார். தொடங்கியபோது அவரும் எங்களைப் போல வகுப்புக்குப் போய்வந்துகொண்டிருந்த மாணவர்.

இரவு பதினொன்றுக்கு மேல் பெண்ணைக் கடற்கரைக்கு அனுப்புவதா? வீட்டில் ஒரு வாரம் இந்தப் பேச்சுதான். கடைசியில் அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார்: தானும் வருவது. மப்ளர் கட்டிக்கொண்டு, மூன்று செல் டார்ச் எடுத்துக்கொண்டு வந்தார். நீலாங்கரையில் இறங்கியதும் டார்ச்சை அடித்தார். முன்னால் நின்ற பையன் திரும்பினான்.

"அங்கிள், டார்ச் வேண்டாம். வெளிச்சம் பார்த்தா ஆமை ஏறாம திரும்பிடும்."

"பள்ளம் மேடு தெரிய வேண்டாமாப்பா?"

"கொஞ்ச நேரத்துல கண்ணு பழகிடும் அங்கிள்."

பழகியது. சுமார் ஏழு கிலோமீட்டர். ஈர மணலை ஒட்டி, ஒருவர் பின் ஒருவராக, பேச்சில்லாமல். இன்றைக்கு அந்தக் கரையில் இருக்கும் வீடுகளும் விளக்குகளும் அப்போது அவ்வளவாக இல்லை. பல இடங்களில் சவுக்குத் தோப்பு. தேடுவது ஆமையை என்று நினைத்திருந்தேன். தேடுவது தடத்தை. பங்குனி ஆமை துடுப்புகளை மாற்றி மாற்றி வைத்து ஏறும். கடலிலிருந்து மேலே ஒன்றும் திரும்பிக் கடலுக்கு ஒன்றுமாக இரண்டு தடம் இருக்கும். தடம் ஒன்றுதான் என்றால் ஆமை இன்னும் மேலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

அன்று தடம் இரண்டு. மேடேறித் தடம் கலைந்திருந்த இடத்தில், மூத்த மாணவர் மெல்லிய குச்சியால் மணலை அங்கங்கே அழுத்திப் பார்த்தார். எங்கும் ஒரே கெட்டி. ஓரிடத்தில் குச்சி தடையில்லாமல் இறங்கியது. "இங்கே" என்றார். அங்கிருந்து கைதான், கருவி இல்லை. மணலை வாரி வாரி எடுத்து, ஒரு கட்டத்தில் குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட வேண்டியிருந்தது. மேலே குளிர்ந்த மணல். கீழே போகப் போக வெதுவெதுப்பு. குழியின் கழுத்து குறுகல், அடி அகலம். விரல் நுனியில் முதல் முட்டை பட்டது. ஓடு கோழிமுட்டை ஓட்டைப் போலக் கெட்டியாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். அது தோல் மாதிரி, அழுத்தினால் குழிந்தது. மேலே பிசுபிசுவென்று ஈரம். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கக் கொடுக்க ஒருவர் சத்தமாக எண்ணிக்கொண்டே துணிப்பையில் வைத்தார். எண்ணிக்கை நூறைத் தாண்டியது. குழியின் ஆழத்தை நாடாவால் அளந்து எழுதினார்கள்.

ஏன் இந்த அவசரம் என்று அப்பாதான் கேட்டார். இட்ட சில மணி நேரத்துக்குள் மாற்றிவிட வேண்டும்; அதற்குப் பிறகு கரு ஓட்டின் உட்பக்கத்தோடு ஒட்டிக்கொள்ளும், அப்போது அசைத்தால் செத்துவிடும் என்று அந்தப் பையன் சொன்னான். அவன் படித்தது விலங்கியல்கூட இல்லை, காமர்ஸ். பெசன்ட் நகர் கரையில் வேலி போட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே வடிவத்தில் குழி தோண்டி, முட்டைகளை வைத்து, பழைய குழியின் மணலையும் சேர்த்து மூடினார்கள். தேதி, எடுத்த இடம், எண்ணிக்கை எழுதிய அட்டை. ஏறக்குறைய ஏழு வாரத்தில் குஞ்சு வரும். அங்கேயே விட்டிருந்தால் நாய் தோண்டியிருக்கும். அதிலிருந்து தப்பியிருந்தாலும், கடலின் மங்கிய வெளிச்சத்தை நோக்கிப் போக வேண்டிய குஞ்சுகள் தெருவிளக்கை நோக்கிப் போய் ரோட்டில் அரைபட்டிருக்கும்.

இன்னொரு இரவு தடம் ஒன்றுதான் இருந்தது. பத்தடி தள்ளி எல்லோரும் உட்கார்ந்தோம். முட்டையிட்டு முடித்து, பின் துடுப்பால் மணலைத் தள்ளி மூடியதும், அந்த ஆமை உடம்பை இடமும் வலமும் மாற்றி மாற்றிச் சாய்த்து மணலில் மொத்தத் தொடங்கியது. தொம், தொம் என்று சத்தம் கேட்டது. குழியின் மேல்மணலைத் தன் எடையாலேயே கெட்டிப்படுத்துகிறது. கண்ணோரம் நீர் வழிந்து மணல் ஒட்டியிருந்தது. "அழுவுது பாரு" என்றாள் தோழி. கடல்நீரோடு உள்ளே போகும் உப்பைக் கண்ணருகே இருக்கும் சுரப்பி வழியாக ஆமை வெளியேற்றுகிறது, அழுகை இல்லை. இந்த உப்புச் சுரப்பியை உடலியங்கியல் தாளுக்காக நாங்கள் இருவரும் முந்தின மாதம்தான் படித்திருந்தோம். படித்தது இரண்டு பேருக்கும் அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. மூத்தவர் சொன்ன பிறகுதான் வந்தது.

பால் நிர்ணயம் என்றால் எக்ஸ், ஒய் குரோமோசோம் என்று தேர்வுக்கு எழுதுவோம். ஆமைக்கு அப்படி இல்லை. மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. 29, 30 டிகிரி செல்சியஸையொட்டி ஆணும் பெண்ணும் கலந்து வரும். அதற்கு மேலே போகப் போகப் பெண், கீழே இறங்க இறங்க ஆண். மார்ச் கடைசியில் சென்னை மணல் என்ன சூடு என்று வெறுங்காலோடு நடந்தவர்களுக்குத் தெரியும். பொரிப்பகத்துக்கு மேலே நிழல் போடுவது ஏன் என்ற கேள்விக்கு, பருவநிலை மாற்றம்வரை நீளும் விடை இருக்கிறது. நான் பின்னாளில் ஆசிரியராகி இந்தப் பாடம் எடுக்கும்போது, வெப்பமானியை மணலில் ஒரு முழ ஆழத்தில் செருகிப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் குரோமோசோமைத் தொடுவேன்.

மயிலாப்பூருக்கு இந்த வகைப் படிப்பு அந்நியமில்லை. எட்வர்ட் எலியட்ஸ் ரோட்டில், இன்றைய ராதாகிருஷ்ணன் சாலையில், வாழ்ந்த மா. கிருஷ்ணன் நாடறிந்த இயற்கையாளர். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1927-இல் மாநிலக் கல்லூரியில் சேர்ந்தபோது அவருக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர் பி.எஃப். ஃபைசன். ஃபைசன் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் செடி சேகரிக்கப் போகும்போது இந்த மாணவரையும் கூட்டிக்கொண்டு போனார். ஃபைசனின் மனைவியிடம் கிருஷ்ணன் வாட்டர்கலர் ஓவியம் கற்றார். பிற்பாடு 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் விலங்குகளையும் பறவைகளையும் பற்றி அவர் எழுதிய பத்திக்கு அஸ்திவாரம் அந்த மலைப் பயணங்களில் போடப்பட்டது என்பது என் எண்ணம். ஒரு பேராசிரியர் தன் வேலைக்குப் போகும்போது ஒரு மாணவனையும் அழைத்துக்கொண்டு போனார். அவ்வளவுதான் செய்தார்.

சதீஷ் பாஸ்கர் கதை இன்னொரு வகை. சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல் படிக்க வந்தவர், கடலைப் பார்த்துப் படிப்பை விட்டார். பாம்புப் பண்ணையில் சேர்ந்து, இந்தியக் கரைகளையும் தீவுகளையும் கால்நடையாக அளந்து, எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்று பதிவு செய்தார். நம் நாட்டுக் கடலாமை ஆய்வுக்கு அடித்தளம் அவர் குறிப்பேடுகள். 1982 மழைக்காலத்தை லட்சத்தீவில் ஆளில்லாத சுஹேலித் தீவில் தனியாகக் கழித்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் பாட்டிலில் அடைத்துக் கடலில் போட, இலங்கையில் ஒரு மீனவர் அதை எடுத்துச் சென்னைக்குத் தபாலில் அனுப்பிவைத்தார். 2023-இல் மறைந்தார். படிப்பை விடுங்கள் என்று நான் எந்த மாணவருக்கும் சொல்ல மாட்டேன். அவர் செய்த வேலையைப் படிப்புக்குள்ளேயே செய்ய இடம் இருந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

இன்றைக்கு லேபில் கரப்பான் தட்டு இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2011-இல் விலங்குகளை அறுத்துப் பார்ப்பதைப் படிப்படியாகக் கைவிட வழிகாட்டுதல் வெளியிட்டது. 2014-இல் அதை இன்னும் இறுக்கியது. இதில் எனக்கு வருத்தம் இல்லை. வகுப்பு வகுப்பாகத் தவளைகளைக் குளத்திலிருந்தும் வயலிலிருந்தும் பிடித்து வந்து, ஒரே படத்தை வரைவதற்காகக் கொன்றோம், நின்றது நல்லது. வருத்தம், காலியான பிற்பகலில் என்ன வந்து உட்கார்ந்தது என்பதில். சார்ட், பிளாஸ்டிக் மாடல், கம்ப்யூட்டரில் ஓடும் தவளை. மௌஸை அழுத்தினால் வயிறு திறக்கிறது, நரம்பு தானாகவே மஞ்சளாக மின்னுகிறது. கை நடுங்குவதற்கும் அங்கே வழியில்லை. முன்பு செத்த பூச்சியாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லாமல் மூன்று வருஷம் விலங்கியல் முடித்து வருகிறார்கள். வருஷத்துக்கு ஒரு 'ஃபீல்டு ட்ரிப்' என்று ஊட்டிக்குப் போய், தாவரவியல் பூங்கா வாசலில் குரூப் போட்டோ எடுத்துத் திரும்புகிறார்கள்.

அடையாற்றின் முகத்துவாரத்துக்குப் போக ஊட்டி பஸ் வேண்டாம். 1977-இல் இடிந்து பாதியில் நிற்கும் அந்தப் பழைய பாலத்தின் பக்கம், ஆற்றில் நீர் வடியும் நேரம் பார்த்து, என் மாணவிகளைக் கூட்டிக்கொண்டு போவேன். ஒரு மீட்டர் சதுரத்துக்குக் கயிறு கட்டி, அதற்குள் இருக்கும் ஃபிட்லர் நண்டு வளைகளை எண்ணச் சொல்வேன். ஆண் நண்டுக்கு ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரியது. அதை ஆட்டி ஆட்டிப் பெண்ணைக் கூப்பிடும். ஆள் அசைந்தால் எல்லாம் வளைக்குள். அசையாமல் உட்கார்ந்தால் ஒவ்வொன்றாக எட்டிப் பார்க்கும். பெரிய கொடுக்கு வலது பக்கமா, இடது பக்கமா என்று கோடு போட்டுக் கணக்கெடுக்க வேண்டும். முடிவில் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி வரும். "ஏன் மேடம், மனுஷங்க மாதிரி வலது அதிகமா இருக்க வேண்டாமா?" என்று போன வருஷம் ஒரு பெண் கேட்டாள். எனக்கு அந்தக் கேள்விதான் வேண்டும். லேபில் இருபது வருஷம் பாடம் எடுத்ததில் என்னிடம் அப்படி ஒரு கேள்வி வந்ததில்லை.

இடத்துக்குப் பஞ்சமில்லை. 58 ஏக்கரில் சீரமைத்து 2011-இல் திறந்த தொல்காப்பியப் பூங்காவுக்கு மாணவர்கள் முன்பதிவு செய்து போகலாம். 2022-இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற பள்ளிக்கரணை பஸ் தூரம். நகரத்துக்கு நடுவே கிண்டி தேசியப் பூங்கா. தியாகராய நகரில் இருப்பவர்கள் நடேசன் பூங்காவில் காலையில் வாக்கிங் போகிறவர்களுக்கு நடுவே நின்று மரத்துக்கு மரம் பட்டையும் இலையும் குறித்தாலே ஒரு பருவத்துக்கான தாவரவியல் வேலை. 1978-இல் தொடங்கிய மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி பறவை பார்க்கக் கூட்டிப்போகிறது. 2015 முதல் பொங்கல் விடுமுறையில் நடக்கும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு மொட்டை மாடியும் பொறுமையும் போதும். நொச்சிக்குப்பத்து மீன் சந்தை இன்று புதுக் கட்டடத்தில் இருக்கிறது; கெளுத்தி அதே கெளுத்தி.

ஆமை நடையும் இன்னும் நடக்கிறது, வனத்துறை அனுமதியோடு. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் விலங்கு அது. நாமாகப் போய்த் தொடவோ முட்டை எடுக்கவோ கூடாது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் செத்த ஆமைகள் ஒதுங்கின. இழுவைப் படகுகள் கரையிலிருந்து ஐந்து கடல் மைலுக்குள் வரக்கூடாது என்று 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விதி இருந்தும், வலையில் மாட்டி மூச்சுமுட்டிச் செத்தவை பல. அந்த நாட்களில் தன்னார்வலர்கள் ஒவ்வொரு உடலாக ஓட்டின் நீளத்தை நாடாவால் அளந்து, ஆணா பெண்ணா என்று பார்த்து, மறுபடி எண்ணிவிடாமல் இருக்கப் பெயின்டால் ஒரு கோடு இழுத்துக்கொண்டே போனார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டு செய்கிற வேலை. நகரத்தின் பத்திரிகைகளும் அதிகாரிகளும் எண்ணிக்கை கேட்டபோது, கொடுக்க ஓர் எண்ணிக்கை இருந்ததற்கு இப்படி நடந்தவர்கள் காரணம்.

மாணவர்கள் இப்படிக் களத்துக்குப் போகத் தடை எதுவென்றால், மார்க். அனுமதிக் கடிதம், பஸ் செலவு, பெண்களை அனுப்பலாமா என்ற தயக்கம் எல்லாம் உண்டு. ஆனால் ஆசிரியர்கள் மனது வைத்தால் அவை தீரும். ஒரு மாணவி இரண்டு மாதம் முகத்துவாரத்தில் நண்டு எண்ணினாலும் அவள் மதிப்பெண் பட்டியலில் அதற்கு ஒரு வரி இல்லை. ரெக்கார்டு நோட்டில் அடித்தல் திருத்தல் இல்லாமல் படம் வரைந்தவளுக்கு இருக்கிறது. மார்க் இல்லாத வேலையை ஆர்வமுள்ள நாலு பேர் செய்வார்கள். வகுப்பு முழுக்கச் செய்ய வைக்க மார்க் வேண்டும். இதை ஒத்துக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

பாடத்திட்டக் குழுவில் இருக்கும் சக ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. விலங்கியல், தாவரவியல் பிராக்டிகல் மதிப்பெண்ணில் பாதியைக் களக் குறிப்பேட்டுக்கு ஒதுக்குங்கள். தேதி, நேரம், இடம், பார்த்தது, எண்ணியது, புரியாதது என்று கையால் எழுதிய, சேறு பட்ட நோட்டாக இருக்கட்டும். புத்தகத்தில் இருக்கும் விடை அதில் இருக்கக் கூடாது என்பது ஒன்றே விதி. வைவாவில் அதிலிருந்து கேளுங்கள். சார்ட்டை வைத்து ஏமாற்றலாம். நண்டு எண்ணாதவள் நண்டைப் பற்றி நாலாவது கேள்வியைத் தாண்ட மாட்டாள்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாடத்திட்டம் மாறும்வரை காத்திருக்க வேண்டாம். சென்னையில் ஆமைப் பருவம் ஜனவரியில் தொடங்கி ஏப்ரல்வரை ஓடும். பொதுமக்களுக்கான நடைக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்துவிடுங்கள். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், போனை உள்ளே வையுங்கள், டார்ச் அடிக்காதீர்கள். ராத்திரி நேரம் என்று வீட்டில் அனுப்ப மறுத்தால், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.